கிளிநொச்சியில லப்டொப் ஸ்கிரீன் மாத்தினனான்: கடை எப்பிடி, எவ்வளவு முடிஞ்சுது

முதலே சொல்லிடுறன், கடையின்ர பேர் போடமாட்டன். கடைக்கார அண்ணையிட்ட கேட்டனான், இப்பிடி எழுதப்போறன் அண்ணை பேரையும் போடட்டோ எண்டு, அவர் கையில கிடந்த ஸ்குரூ டிரைவரைக் கீழ வைக்காமலே "வேண்டாம் தங்கச்சி, இருக்கிற வேலையே முடிக்கேலாமக் கிடக்கு, நீங்கள் போட்டுவிட்டா போன் எடுத்தே சாக்காட்டிப் போடுவாங்கள்" எண்டிட்டார். ஞாயம்தான், நான் போன அண்டைக்கும் மேசையில பதினொரு லப்டொப் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது, எண்ணிப் பாத்தனான். கிளிநொச்சி ரவுணுக்க, கரடிப்போக்குச் சந்திக்கும் டிப்போச் சந்திக்கும் இடையில, ஏ9 ரோட்டில இருந்து கொஞ்சம் உள்ளுக்க எண்டு மட்டும் சொல்லலாம், அங்கால விசாரிச்சுக் கண்டுபிடிக்கிறது உங்கட பாடு.

உடைஞ்சது எப்பிடியெண்டு கேட்டா சிரிப்பியள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ரெண்டு நாள் கிடக்கு, மாங்குளத்தில பஸ் ஏறி ஒட்டுசுட்டானுக்கு வாறன், சனம் எண்டா சொல்லேலாத சனம், எனக்கு எப்பிடியோ சீற் கிடைச்சிட்டுது, லப்டொப் பை மடியில. எங்கட பஸ்ஸில தெரியும்தானே, இருக்கிற ஆள் நிக்கிற ஆளின்ர பையை வாங்கி மடியில வைச்சிருக்கவேணும், அது எழுதாத சட்டம். ஒரு அம்மா "பிள்ளை இதை ஒருக்கா வைச்சிரு" எண்டு உரப்பை ஒண்டைத் தந்தவ, நானும் வாங்கி லப்டொப் பைக்கு மேலயே வைச்சன், பாரமாத்தான் கிடந்தது, கோயிலுக்குக் கொண்டுபோற சாமானாக்கும் எண்டு பேசாம இருந்திட்டன். பஸ் ஒரு கிடங்குக்க இறங்கி ஏறிச்சுது, பை ஒருக்காத் துள்ளி இருந்திச்சு, டொக் எண்டு ஒரு சத்தம். உள்ளுக்க நாலு தேங்காய். அம்மாவில பிழையில்ல, டிரைவரில பிழையில்ல, தேங்காயில துப்பரவாப் பிழையில்ல, லப்டொப்பை நிமித்திக் காலுக்கிடையில வைச்சிருக்கவேண்டியது நான்.

வீட்ட வந்து திறந்தா இடது பக்கக் கீழ் மூலையில இருந்து சிலந்தி வலை மாதிரி வெடிப்பு, நடுவில மை கொட்டின மாதிரிக் கறுப்பு, வலது பக்கம் ஒரு நாலு விரல் அகலத்துக்கு மட்டும் படம் தெரியுது. அம்மா பாத்திட்டு, போனுக்கு மாத்திறமாதிரிக் கண்ணாடியை மட்டும் மாத்தேலாதோ எண்டா. நானும் அப்பிடித்தான் நினைச்சனான், உண்மையா. ஏலாது. போனில மேல ஒரு தனிக் கண்ணாடி கிடக்கு, கனக்கத்தரம் உடையிறது அதுதான். டச் இல்லாத லப்டொப்பில உடையிறதே ஸ்கிரீன்தான், ரெண்டு மெல்லிய கண்ணாடித் தகட்டுக்கு நடுவில திரவப் படிகம் எண்டிற சாமானை அடைச்சு வைச்சிருக்கிறாங்கள், தகடு வெடிச்சா அது குழம்பிப் பரவும், அந்தக் கறுப்பு அதுதான். பசை போட்டு ஒட்டுற விளையாட்டு இதில சரிவராது, முழுப் பனலையும், அதாவது அந்த ஸ்கிரீன் துண்டை அப்பிடியே, மாத்தவேணும். இதை எனக்கு முதல் ரெண்டு கடையும் சொல்லேல்ல, மூண்டாவது ஆள்தான் உடைஞ்சதைக் கையில வைச்சு விளங்கப்படுத்தினவர்.

கடைக்குப் போகமுன்னம் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கு, அதை நான் தற்செயலாச் செய்தது. படிப்புக்கு ஒப்படை ஒண்டு குடுக்கவேண்டிக் கிடந்தது, அதால சித்தி வீட்ட ரிவிக்கு எச்டிஎம்ஐ வயரைக் குத்திப் பாத்தன், விண்டோஸ் பட்டனையும் பி பட்டனையும் சேத்து அமத்தி மாத்தினா ரிவியில படம் பளிச்செண்டு வந்திச்சு. அப்ப உள்ளுக்குள்ள மதர்போர்ட் எல்லாம் சுகம், ஸ்கிரீன் மட்டும்தான் போயிருக்கு. ரிவியிலயும் கோடு கோடா வந்தா விசயம் வேற, அப்ப ஸ்கிரீனுக்குக் காசு கட்டிப் பிரயோசனமில்ல. அதேமாதிரி மூடியை ஆட்டேக்க படம் வந்து வந்து போனா கனக்கத்தரம் ஸ்கிரீனுக்குப் போற கேபிள்தான், அது ஸ்கிரீனின்ர விலையில ஒரு பங்குதான் வரும். ஒண்டுமே தெரியாம இருட்டாக் கிடந்து, ரோச் லைற் அடிச்சுப் பாக்கேக்க மங்கலாப் படம் தெரிஞ்சா பின்னால இருக்கிற வெளிச்சம் போயிட்டுதெண்டு அர்த்தம். இவ்வளவும் வீட்டில இருந்தே பாக்கலாம், ஒரு சதம் செலவில்ல. சித்திக்குத்தான் செலவு, பின்னேரம் ஏழு மணிக்கு நாடகம் தொடங்கிடும், நான் அப்பதான் அட்டவணை ஒண்டு போட்டுக்கொண்டிருப்பன், ரெண்டாம் நாள் "உன்ர படிப்பு முடிய எப்ப மோளை" எண்டு தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில கொஞ்சம் சத்தமாவே வைச்சா, விளங்கிட்டுது.

சரி, கடை. முதலாவது கடை எங்கட பக்கம்தான், போன் கடை, லப்டொப்பும் செய்யிறவை. நான் பையில இருந்து வெளிய எடுத்து மேசையில வைக்க முன்னமே 38,000 எண்டாச்சு. எப்பிடி அண்ணா விலை தெரியும், இன்னும் என்ன ஸ்கிரீன் எண்டே பாக்கேல்லையே எண்டன். "15.6தானே, எல்லாம் ஒண்டுதான், டொலர் ஏறிக்கிடக்கு" எண்டார். உந்த டொலர்க் கதை எனக்குப் பெரிய விசர். 2022ல 200 ரூபாயில கிடந்த டொலர் ரெண்டு மூண்டு மாசத்தில 360க்குப் போனது உண்மைதான், அப்ப ஆர் என்ன விலை சொன்னாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கினனாங்கள், பிறகு அது 300 அளவுக்கு இறங்கியிட்டுது, கடைக்காரருக்கு மட்டும் இன்னும் ஏறிக்கொண்டே நிக்குது. அதையும் விடுவம், நாலு நாள் விட்டிட்டுப் போங்கோ, பாஸ்வேர்டையும் ஒரு துண்டில எழுதித் தாங்கோ எண்டார். ஏன் பாஸ்வேர்ட் எண்டு கேட்டா "செக் பண்ண" எண்டிறார். யோசிச்சுச் சொல்லுறன் எண்டு வெளிக்கிட்டிட்டன்.

ரெண்டாவது வவுனியாவில. அங்க போகேக்க எனக்கு நல்ல நம்பிக்கை, கடை பெருசு, ஏசி, பிள்ளையள் சேர்ட்டில பேர் குத்தி நிக்கினம். லப்டொப்புக்குக் கீழ ஒட்டியிருக்கிற மொடல் நம்பரைப் பாத்து எழுதிக்கொண்டு 26,000 எண்டிச்சினம், 5,000 அட்வான்ஸ் கட்டினன், பில்லும் வடிவா அடிச்சுத் தந்தவை. ஆறாம் நாள் போன், ஸ்கிரீன் வந்திட்டுது ஆனா "சின்னப் பிரச்சினை" ஒண்டு. என்னெண்டா என்ர லப்டொப்பில ஸ்கிரீனுக்கு மேலயும் கீழயும் காது மாதிரித் தகடு இருக்கு, அதிலதான் ஸ்குரூ போட்டுப் பூட்டுறது, வந்தது காதில்லாத மொடல், அகலமும் குறைவு. ரெண்டு பக்கமும் ஒட்டுற ரேப் போட்டு ஒட்டித் தரட்டோ எண்டு கேக்கினம். எங்கட வெயிலுக்குப் பசை என்ன பாடுபடும் எண்டு எனக்குத் தெரியும், ஸ்கூட்டி சீற்றில ஒட்டின ஸ்ரிக்கரே உருகிப் பாவாடையில வாறது. வேண்டாம் எண்டு காசைத் திருப்பிக் கேட்டா 1,500 வெட்டித்தான் தந்தவை, "கொறியர் சார்ஜ்" எண்டு. பிழையான சாமான் எடுத்தது அவை, கொறியர் காசு நான். சண்டை பிடிக்கத் தெம்பில்லாம வாங்கிக்கொண்டு வந்திட்டன், இப்ப நினைச்சாலும் எரியுது.

இதில விளங்கினது என்னெண்டா, லப்டொப்பின்ர மொடல் நம்பர் வேற, ஸ்கிரீனின்ர நம்பர் வேற. ஒரே மொடல் லப்டொப்புக்கே கொம்பனி ரெண்டு மூண்டு விதமான ஸ்கிரீன் போட்டு விடும், அந்தந்த நேரம் எது கையில கிடைக்குதோ அது. ஆனபடியா வெளியில இருக்கிற நம்பரைப் பாத்து ஓடர் போடுறது சப்பாத்து சைஸைக் கேக்காமச் சப்பாத்து வாங்கிற மாதிரி.

கொழும்பிலயும் கேட்டுப் பாத்தன். வெள்ளவத்தையில இருக்கிற சித்தப்பான்ர மகன் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய்க் கேட்டவன், அங்க மாடி மாடியா கொம்பியூட்டர் கடைதானே, மலிவுதான், புதுசு 16,500க்குச் சொல்லியிருக்கினம். ஆனா அவையும் முதல் கேள்வியா "பனல் நம்பர் என்ன" எண்டிருக்கினம், அவன் எனக்குப் போன் அடிக்கிறான், எனக்கு என்ன தெரியும். சரி வாங்கி அனுப்பினாலும் இஞ்ச ஆர் பூட்டுறது, பஸ்ஸில பார்சல் போட்டு அதுக்கு மேல ஆரும் தேங்காய் வைச்சா?

பிறகு ஒபிசில ஒரு அக்கா சொல்லித்தான் கிளிநொச்சிக் கடைக்குப் போனது. சனிக்கிழமை விடிய ஒட்டுசுட்டானில இருந்து மாங்குளம், அங்க மாறி யாழ்ப்பாணம் போற பஸ், முறிகண்டியில பஸ் நிண்டிச்சு, எல்லாரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிடுகினம், நானும் இறங்கி ஒரு கற்பூரம் கொளுத்தினன், லப்டொப் பையைத் தோளில இருந்து இறக்கேல்ல. கச்சான் ரெண்டு சுருள் வாங்கினன், ஒண்டு எனக்கு, ஒண்டு வீட்டுக்கு, கிளிநொச்சி வாறதுக்குள்ள ரெண்டும் முடிஞ்சுது.

கடை எண்டு சொல்லுறதுக்கு ஒண்டுமில்ல. ஒரு ஷட்டர், ஒரு நீள மேசை, ஒரு மேசைப் பான், சுவரில ஆணி அடிச்சுப் பழைய சார்ஜர் வயரெல்லாம் புடலங்காய் மாதிரித் தொங்குது. இருக்கக் கதிரை ஒண்டு, அதிலயும் ஆரோ விட்டிட்டுப் போன பிரிண்டர் இருக்குது. எனக்கு வவுனியாக் கடையின்ர ஏசி ஞாபகம் வந்து, வந்த பஸ்ஸிலயே திரும்புவமோ எண்டு ஒரு நினைப்பு. அண்ணை விலை சொல்லேல்ல. என்ன நடந்தது எண்டு கேட்டார், தேங்காய்க் கதை சொன்னன், சிரிச்சார், ரிவியில குத்திப் பாத்தனியளோ எண்டார், ஓம் எண்டன், அப்ப சரி எண்டிட்டு எனக்கு முன்னாலயே கழட்டத் தொடங்கிட்டார்.

அந்த வேலையைப் பாக்க எனக்கு ஆசையா இருந்திச்சு. முதல்ல கவிட்டுப் போட்டுக் கீழ்ப்பக்கம் திறந்து பற்றரி வயரைக் கழட்டினார். ஸ்கிரீன் மேலதானே, ஏன் கீழ கழட்டுறியள் எண்டு கேட்டன். கரண்ட் இருக்கேக்க ஸ்கிரீன் வயரை இழுத்துக் குத்தினா, ஒரு ஊசி பிசகிப் பட்டாலே போர்ட்டில இருக்கிற சின்னப் பியூஸ் போகுமாம், அது போனா புது ஸ்கிரீன் போட்டாலும் வெளிச்சம் வராதாம், வீட்டில தாங்களே மாத்தப்போய்க் கொண்டுவாற கேஸில கனக்க இதுதானாம். யூரியூப் பாத்து நானே செய்வமோ எண்டு ஒரு நாள் யோசிச்சனான், நல்ல காலம். பிறகு சுத்திவர இருக்கிற பிளாஸ்ரிக் சட்டத்தைப் பழைய ரீலோட் காட் மாதிரி ஒரு அட்டையால மெல்ல மெல்லக் கிளப்பினார், டிக் டிக் எண்டு கொழுக்கியள் விடுது, நாலு ஸ்குரூ, ஸ்கிரீனை முன்னுக்குச் சரிச்சுக் கீபோர்டில படுக்கப் போட்டார். அதின்ர முதுகில ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டியிருக்கு, அதில நம்பர். "இதுதான் தங்கச்சி உங்கட ஸ்கிரீனின்ர அடையாள அட்டை, போனில படம் எடுத்து வைச்சிருங்கோ" எண்டார்.

என்ர நம்பர் என்ரி156டபிள்யூஎச்எம்-என்42. பாக்க மந்திரம் மாதிரிக் கிடக்கு, ஆனா அவர் வாசிச்சுக் காட்டினாப் பிறகு சுகம். 156 எண்டா 15.6 இஞ்சி. டபிள்யூஎச்எம் எண்டா 1366க்கு 768 புள்ளி, அதாவது சாதாரண எச்டி. அதே கொம்பனியில எஃப்எச்எம் எண்டு கிடந்தா 1920க்கு 1080, புல் எச்டி. செய்த கொம்பனி பிஓஇ, சீனாக்காரர். வேற கொம்பனி எண்டா எழுத்தெல்லாம் வேற, எல்ஜி எல்பி எண்டு தொடங்கும், ஏயூஓ பி எண்டு தொடங்கும், ஆனா எல்லாரும் இஞ்சியை அந்த நம்பருக்குள்ளயே வைச்சிடுவினம். வேற கொம்பனிப் பனல் போட்டாலும் பறுவாயில்லையாம், ஆனா நாலு விசயம் ஒத்துவரவேணும்: அளவு, காது இருக்கா இல்லையா, வயர் குத்துற இடத்தில ஊசி எத்தினை, அந்த இடம் இடப்பக்கமா வலப்பக்கமா. என்ரது 30 ஊசி. பழைய லப்டொப் எண்டா, 2012 அந்தப் பக்கம், கனக்க 40 ஊசி வரும், அது வேற முறையில சிக்னல் குடுக்கிற சாமான். புது கேமிங் லப்டொப்பிலயும் டச் ஸ்கிரீனிலயும் 40 ஊசி இருக்கு, ஆனா அது முந்தின 40 இல்ல, எண்ணிக்கை ஒண்டெண்டு நினைச்சுக் குத்தினா ஸ்கிரீனோ போர்ட்டோ ஒண்டுக்குப் பாடை கட்டவேண்டியதுதான் எண்டு அண்ணை சொன்னவர். அவற்ற வாயில வந்த சொல்லு அப்பிடியே.

எனக்கு உடன ஆசை வந்திட்டுது, எப்பிடியும் காசு குடுக்கப்போறன், புல் எச்டியாப் போடுவமே எண்டு. அதுக்கும் அவர் ஓம் எண்டும் சொல்லேல்ல இல்லையெண்டும் சொல்லேல்ல, போர்ட் செத்துப்போன வேற லப்டொப் ஒண்டில இருந்து கழட்டி வைச்சிருந்த புல் எச்டி ஸ்கிரீனை எடுத்துக் குத்திப் பாத்தார், பற்றரியைத் திருப்பிப் போட்டு ஓன் பண்ணினா வெளிச்சம் மட்டும் வருது, படமில்ல. எச்டி ஸ்கிரீனோட வந்த கேபிளில சிலதில படம் கொண்டுபோற வயர் குறைவாத்தான் போட்டிருப்பாங்களாம், எச்டிக்கு அது காணும், புல் எச்டிக்குக் காணாது, அப்ப கேபிளும் கொழும்பில இருந்து எடுக்கவேணும், அதுக்கு இன்னும் 4,500ம் ஒரு கிழமையும். வேணுமெண்டாச் செய்யலாம், ஆனா இந்த லப்டொப்பின்ர வயசுக்கு நான் எண்டாச் செய்யமாட்டன் எண்டார். 2018ல வாங்கின லப்டொப். எனக்கு இது பிடிச்சுது. விக்க வந்த வியாபாரத்தை வேண்டாம் எண்டு சொல்லுற கடைக்காரரை நான் வன்னியில மட்டுமில்ல, வேற எங்கயும் கனக்கக் கண்டதில்ல.

விலை அதுக்குப் பிறகுதான் சொன்னவர். அதே நம்பர்ப் புதுப் பனல் 18,500, பூட்டக் கூலி 2,000, எல்லாம் 20,500. கழட்டின பழசு ஒண்டும் கிடக்கு, 11,000, அதில மூலையில வெள்ளைப் புள்ளி ஒண்டு இருக்கு எண்டு அவரே போட்டுக் காட்டினார். கொழும்பு விலையோட பாத்தா 2,000 கூடத்தான், ஆனா அவரும் கொழும்பில இருந்து இரவு பஸ்ஸில எடுப்பிக்கவேணும், வழியில உடைஞ்சா அவற்ற தலையில. நான் புதுசுக்கு ஓம் எண்டு 5,000 கட்டினன். லப்டொப்பைத் திருப்பிப் பூட்டித் தந்து, "சாமான் வர போன் அடிக்கிறன், அதுவரைக்கும் நீங்களே வைச்சிருங்கோ, இஞ்ச கிடந்து தூசி பிடிக்கிறதில என்ன" எண்டார். இதைக் கவனியுங்கோ, முதல் ரெண்டு கடையும் லப்டொப்பை விட்டிட்டுப் போ எண்டவை.

இனிக் குறையும் சொல்லவேணும்தானே. ரெண்டு நாளில வரும் எண்டவர், அஞ்சு நாளாச்சு. போன் எடுக்கமாட்டார். எடுக்கவே மாட்டார். நான் ஒரு நாளைக்கு நாலுதரம் அடிச்சன், மூண்டாம் நாள் ஒரு தம்பி எடுத்து "அண்ணை சாப்பிடப் போட்டார்" எண்டான், நேரம் பின்னேரம் அஞ்சு மணி. ஒப்படைத் தேதி கிட்டின நேரம், ரிவியும் சித்தியும் நானும் எண்டு ஒரு முக்கோணப் போர். வாட்ஸ்அப்பில எழுதிவிட்டா மட்டும் இரவு பதினொரு மணிக்குப் பதில் வரும், அதுவும் ஒரு கட்டைவிரல் படம். ஆனபடியா அவசரமெண்டா இந்தக் கடைக்குப் போகாதேங்கோ, போனாலும் அவர் சொல்லுற நாளை ரெண்டால பெருக்கிக்கொள்ளுங்கோ.

புதன்கிழமை லீவு போட்டுப் போனன். பூட்ட முப்பது நிமிசம்கூட வரேல்ல. பூட்டினாப் பிறகு ஓன் பண்ணி, பாஸ்வேர்ட் கேக்கிற இடம் வந்தவுடன லப்டொப்பை என்ர பக்கம் திருப்பி "நீங்களே போட்டுப் பாருங்கோ" எண்டார். அப்பதான் எனக்கு முதலாவது கடையின்ர துண்டுக் கடதாசி ஞாபகம் வந்திச்சு. ஸ்கிரீன் வேலை செய்யுதோ எண்டு பாக்க அந்த முதல் பக்கமே காணும், உள்ளுக்க போகத் தேவையே இல்ல. பொம்பிளைப் பிள்ளையள் விசேசமாக் கவனியுங்கோ, படங்கள், வங்கி விசயம், எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. ஸ்கிரீன் மாத்தப் பாஸ்வேர்ட் கேக்கிற கடையில ஒருக்கா ஏன் எண்டு கேளுங்கோ, பதில் வடிவா இல்லாட்டி எழும்புங்கோ.

பிறகு நான் செய்தது, வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் எண்டு அஞ்சு நிறத்தை முழு ஸ்கிரீனுக்கும் போட்டுப் பாத்தது. செத்த புள்ளி இருந்தா வெள்ளையில கறுப்பா நிக்கும், எரிஞ்சுகொண்டே நிக்கிற புள்ளி கறுப்பில தெரியும். எனக்கு ஒண்டும் இல்ல. கறுப்பைப் போட்டு லைற்றை நிப்பாட்டச் சொல்லிக் கேட்டன், விளிம்பால வெளிச்சம் ஒழுகுதோ எண்டு பாக்க, அண்ணை ஷட்டரை அரைவாசி இழுத்துவிட்டார், வெளியில நிண்ட ஒராள் கடை பூட்டுதாக்கும் எண்டு அந்தரப்பட்டு உள்ளுக்க குனிஞ்சு வந்தவர். கீழ் விளிம்பில லேசா ஒழுகுது, அது இந்த விலைக்கு இருக்கிறதுதான் எண்டார், படம் பாக்கேக்க தெரியிறேல்ல, இப்ப மறந்தும் போனன்.

நிறம் பழசை விடக் கொஞ்சம் நீலச்சாயல். முதல் நாள் கண்ணுக்கு ஒருமாதிரிக் கிடந்திச்சு, விண்டோஸில நைற் லைற் எண்டிறதைக் கொஞ்சம் ஏத்திவிட்டன், சரியாயிட்டுது. இது ரிஎன் எண்டிற மலிவு வகை, நேர பாத்தா நல்லம், கட்டிலில படுத்துக்கொண்டு கீழயிருந்து பாத்தா முகமெல்லாம் கறுப்பாத் தெரியும், பழசும் அப்பிடித்தான் இருந்தது, அதால எனக்கு நட்டமில்ல. ஐபிஎஸ் எண்டு கேட்டு வாங்கினா எந்தப் பக்கத்தால பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி. படம் கீறிற ஆக்கள், போட்டோ திருத்திற ஆக்கள் யோசியுங்கோ, என்னைப்போல எழுத்து வேலையும் கணக்கு வேலையும் எண்டா ரிஎன் காணும்.

இன்னொரு குறை, சட்டத்தைத் திருப்பி அமத்தேக்க இடப்பக்கம் ஒரு கொழுக்கி முறிஞ்சிட்டுது. சத்தம் கேட்டு நான் பாத்தன், அவரும் பாத்தார். மறைக்கேல்ல, "முறிஞ்சிட்டுது தங்கச்சி, பழசாகிப் பிளாஸ்ரிக் காய்ஞ்சுபோச்சு" எண்டு சொல்லிக் கூலியில 500 குறைச்சு விட்டார். இப்ப நகக்கணு அளவு ஒரு இடைவெளி கிடக்கு, பாக்கிறவைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், ஒவ்வொரு நாளும் ஒருக்கா அமத்திப் பாக்கிறன், பழக்கமாப் போச்சு. கேக்காமலே உள்ளுக்க பானில கிடந்த தூசியையும் ஊதித் துடைச்சு விட்டவர், அந்தத் தூசியை உருட்டினா ஒரு எலிக்குஞ்சு செய்யலாம், எங்கட ரோட்டுச் செம்மண் முழுக்க அதுக்கதான் இருந்திருக்கு. இப்ப சத்தம் குறைவு, சூடும் குறைவு.

பில் கேட்டாத்தான் தருவார், கேளுங்கோ. கையால எழுதின பில், அதில பனல் நம்பரையும் எழுதுவிச்சனான், மூண்டு மாச வொறண்டி, தானா ஏதும் கோடு விழுந்தாலோ வெளிச்சம் போனாலோ மாத்தித் தருவார், உடைஞ்சா இல்ல. "தேங்காய்க்கு வொறண்டி இல்ல" எண்டு அதையும் எழுதட்டோ எண்டு கேட்டுச் சிரிச்சவர். எல்லாம் சேத்து 20,000 முடிஞ்சுது, பஸ் காசும் கச்சானும் தனி. இப்ப நாலு மாசமாகுது, ஒரு கோடும் இல்ல, புள்ளியும் இல்ல. வேலைக்குப் பத்துக்கு ஒன்பது, போன் எடுக்கிறதுக்குப் பத்துக்கு ரெண்டு, அந்த ரெண்டும் தம்பி எடுத்ததுக்கு. ஞாயிறு பூட்டு, சனி மத்தியானத்துக்குப் பிறகு போனா அண்ணை இருக்கிறது நிச்சயமில்ல, விடிய ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில போனா ஆளைப் பிடிக்கலாம்.

பழைய ஸ்கிரீனையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தனான், உண்மையில மாத்தினதோ எண்டிற சந்தேகம் வராது, நம்பர்த் துண்டும் கையில இருக்கும். வீட்டில கிடந்ததை அக்கான்ர மோன் பிரிச்சுப்போட்டான். கண்ணாடியை நான் பேப்பரில சுத்தி எறிஞ்சிட்டன், உள்ளுக்க இருந்த தெளிவான பிளாஸ்ரிக் தகடும் பால் நிறத் தாளும் அவனிட்ட. தகட்டை ஜன்னலில சாய்ச்சு வைச்சு, படத்துக்கு மேல வெள்ளைத் தாளைப் போட்டு, பின்னால வாற வெளிச்சத்தில யானை கீறிக்கொண்டிருக்கிறான். பால் நிறத் தாளை அம்மா எடுத்திட்டா, வடகம் காயப்போட நல்லமாம்.